அடுத்த அறையின் பெயர் இந்தியா: கடல்கடந்த மென்பொருள் பணியின் மும்பைத் தொடக்கம்

1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், நரேந்திர பட்னி, பூனம் பட்னி என்னும் இளம் தம்பதியர் தம் குடியிருப்புக்குள் ஒரு சோதனை நடத்தினர். ஓர் அறைக்கு ‘அமெரிக்கா’ என்றும் இன்னோர் அறைக்கு ‘இந்தியா’ என்றும் பெயர் சூட்டப்பட்டது. முதல் அறையில் இருப்பவர் செய்யவேண்டிய வேலையை எழுதி அனுப்பலாம். வாய் திறந்து பேசக் கூடாது. இரண்டாம் அறையில் இருப்பவர் அந்தத் தாளை மட்டும் துணையாகக் கொண்டு வேலையை முடித்துத் திருப்ப வேண்டும். காகித ஆவணங்களைக் கணினி படிக்கும் வடிவுக்கு மாற்றும் பணியை, கடலுக்கு அப்பால் முகமறியாத ஒருவரிடம் ஒப்படைக்க முடியுமா என்பதே அவர்கள் அறிய விரும்பியது. முடியும் என்று தெரிந்தபின், காகித நாடாவில் துளையிட்டுப் பதியும் பிளெக்ஸோரைட்டர் என்னும் தட்டச்சுப் பொறிகள் புணேவுக்குச் சென்றன. பதியப்பட்ட நாடாக்கள் அமெரிக்காவுக்குத் திரும்பின. 1978இல் உருவான பட்னி கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் பம்பாயை மையமாகக் கொண்டு வளர்ந்தது.

இன்று பெர்லினிலோ சான்பிரான்சிஸ்கோவிலோ வளர்ந்துவரும் ஒரு புதிய நிறுவனம், தனக்கென்றே வேலை செய்ய ஐந்து பேரையோ பத்துப் பேரையோ இந்தியாவில் அமர்த்திக்கொள்ளும்போது, பெரும்பாலும் இந்த இரண்டு அறைகளைத்தான் மறுபடியும் கட்டுகிறது. வேலை எழுத்தில் போகும். அந்த ஐவரும் வேறு எவருக்கும் உழைக்கக் கூடாது. அவர்கள் எழுதும் நிரல் ஒவ்வொரு வரியும் அமர்த்தியவருக்கே உரியது. மாத இறுதியில் தலைக்கு இவ்வளவு என்று தொகை வரும். இவர்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை விளம்பரங்கள் ‘அர்ப்பணிப்புள்ள குழு’ என்று தமிழாக்குவதுண்டு. அது பிழை. ஈடுபாட்டை அச்சொல் குறிக்கவில்லை. ஒருவருக்கென ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் என்பதே பொருள். ‘ஒதுக்கப்பட்டவர்’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு என்பதை இந்த வரலாற்றைப் படிப்பவர் மறந்துவிட முடியாது.

இத்தொழிலின் பிறப்பிடம் பெங்களூரு என்பது பரவலான நம்பிக்கை. ஆயினும் அதன் முதல் ஒப்பந்தங்களும் முதல் முறிவுகளும் நிகழ்ந்த ஊர் பம்பாய். தொலைவிலிருந்து வேலைவாங்குவது ஆதாயமா என்பது அங்கே விரைவில் தீர்ந்துபோன கேள்வி. வேலையின் வழியே விளையும் அறிவு யாரிடம் தங்கும் என்பதே அரை நூற்றாண்டாக இழுபறியில் இருப்பது.

பம்பாயில் அலுவலக உழைப்பு வெளியூர்க்காரரால் நிரம்புவது கணினிக்கு முன்பே பழகிப்போன ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளை வீதி வகுத்துக் குடியிருப்புகளாக்கியது. தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து வந்த படித்த இளைஞர் மாட்டுங்காவில் குடியேறினர். அவர்கள் கையில் இருந்த முதல் இரண்டு: ஆங்கிலம், தட்டச்சும் சுருக்கெழுத்தும் தேறிய சான்றிதழ். வணிக நிறுவனங்கள், துறைமுகம், இரயில்வே, காப்பீட்டு நிறுவனங்கள், வங்கிகள் எனப் பம்பாயின் காகித வேலை பெருகப் பெருக இவர்களுக்கான தேவையும் பெருகியது. இவர்களுடைய பிள்ளைகளுக்காக 1932இல் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. அதே மாட்டுங்காவில் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்விக்கூடமும் இருந்தது. எழுத்தர் வீட்டுப் பிள்ளை பொறியாளர் ஆவதற்குக் கடக்கவேண்டியது சில தெருக்களே. விடுதலைக்குப் பின் இடம் போதாமல் இக்குடும்பங்கள் கிழக்கே செம்பூருக்கும் பரவின. செம்பூரைத் தாண்டினால் டிராம்பேயின் அணு ஆராய்ச்சி மையம்.

சுருக்கெழுத்தரின் வேலை விந்தையானது. பிறர் சொல்வதைப் பிழையின்றி வாங்கி, பிறர் கையொப்பத்துக்கு உரிய வடிவில் திருப்பித் தர வேண்டும். தன் கருத்து அதில் நுழையக் கூடாது. கடிதத்தின் இடது அடியில் கடிதம் சொன்னவரின் தலைப்பெழுத்துகள் பெரிதாகவும், ஒரு சாய்கோட்டுக்குப் பின் தட்டச்சு செய்தவரின் தலைப்பெழுத்துகள் சிறிதாகவும் இருக்கும். அந்த இரண்டு சிற்றெழுத்துகளே அவர் இருந்ததற்கான தடயம். ஆயினும் பத்தாண்டுகள் ஒரே மேலாளரிடம் இருந்த சுருக்கெழுத்தருக்கு அந்நிறுவனத்தின் கணக்கும் வழக்கும், எந்த வாடிக்கையாளரிடம் எந்தத் தொனியில் எழுத வேண்டும் என்பதும் மேலாளரைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அவர் விடுப்பில் போனால் அலுவலகம் தடுமாறும். ஒதுக்கப்பட்ட உழைப்பின் அடிப்படை முரண் இதுதான்: உரிமை ஒருவரிடமும் தேர்ச்சி இன்னொருவரிடமும் இருப்பது.

1960களில் இந்த உழைப்பே பகைக்குக் காரணமாயிற்று. பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ இதழ், நிறுவனங்களின் உயர்பதவிகளில் இருந்த வெளிமாநிலத்தவரின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. 1966 ஜூன் 19இல் சிவசேனை தொடங்கப்பட்டது. தென்னிந்திய எழுத்தர்களும் உணவகங்களும் அதன் முதல் இலக்குகள். அதே ஆண்டுகளில் அலுவலகங்களில் இன்னோர் அச்சமும் பரவியது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் கணினியை நிறுவ முற்பட்டபோது, எழுத்தர் வேலைகள் அழியும் என்று ஊழியர் சங்கங்கள் கடுமையாகப் போராடின. தானியங்கு முறை பற்றி ஆராய வி. எம். தாண்டேகர் தலைமையில் மைய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1972இல் வந்தது. மண்ணின் மைந்தர் என்ற முழக்கமும் கணினி எதிர்ப்பும் வெவ்வேறு அணிகளிலிருந்து எழுந்தவை, ஒன்றையொன்று விரும்பாதவை. எனினும் ‘இருக்கும் மேசைகள் யாருக்கு’ என்ற ஒரே கேள்வியைத்தான் இரண்டும் எழுப்பின. கணினியில் தேர்ந்த சிறு கூட்டத்துக்கு உள்ளூர்ச் சந்தை குறுகியதற்கு இதுவும் ஒரு காரணம். வெளிநாட்டு வேலையோ உள்ளூரில் எவருடைய மேசையையும் பறிக்காது.

டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் 1968இல் டாட்டா சன்ஸின் ஒரு பிரிவாகத் தோன்றியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் படித்துத் திரும்பிய லலித் கனோடியாவும் அவருடைய நண்பர்களும் தொடக்க அணி. 1969இல் டாட்டா மின்நிறுவனங்களிலிருந்து வந்து பொறுப்பேற்றவர் எஃப். சி. கோலி, பெஷாவரில் பிறந்த மின்பொறியாளர். வங்கிக் கிளைகளுக்கிடையிலான கணக்குகளைச் சரிபார்ப்பது போன்ற உள்நாட்டுப் பணிகள் முதலில் கிடைத்தன. ஆனால் புதிய கணினி வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். அரசு அதை எளிதில் தராது. மென்பொருளை ஏற்றுமதி செய்து, குறித்த ஆண்டுகளுக்குள் குறித்த அளவு அந்நியச் செலாவணியை ஈட்டித் தருவதாக உறுதியளித்தால் இறக்குமதிக்கு ஒப்புதல் கிடைக்கும் என்பது அன்றைய விதி. கணினியின் விலையோடு ஏறத்தாழ அதே அளவு சுங்கவரியும் சேரும். ஆகவே கடல்கடந்த பணி, கணினி வாங்கச் செலுத்திய விலையாகவே இங்குத் தொடங்கியது. மலிவான உழைப்பை விற்கும் திட்டமாக அதைப் பின்னாளில் விளக்கியவர்கள் இந்தக் காரணத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

1974இல் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனத்தோடு ஏற்பட்ட உறவு இங்கே திருப்புமுனை. மருத்துவமனை நிர்வாகத்துக்கான ஒரு மென்பொருளை, பரோஸின் நடுத்தரக் கணினிகளுக்குரிய கோபோல் மொழி வடிவிலிருந்து அதன் சிறிய கணினிகளுக்குரிய வடிவுக்கு மாற்றித் தர வேண்டும். வேலை தொடங்கியபோது பரோஸ் கணினி பம்பாயில் இல்லை. கையில் இருந்தது ஐ.சி.எல் 1903 என்னும் பிரிட்டிஷ் கணினி. ஒரு பொறிக்கான நிரலை முற்றிலும் வேறொரு பொறியில் வைத்து எழுத வேண்டிய நிலை. மாற்றத்தின் பெரும்பகுதியைத் தானே செய்யும் ஒரு கருவிநிரலை உருவாக்கிப் பம்பாய் அணி இதைக் கடந்தது. பரோஸ் கேட்டது மாற்றப்பட்ட மருத்துவமனை மென்பொருளை. அதை அனுப்பியாயிற்று. ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மென்பொருளைப் பெயர்க்கும் முறை பம்பாயில் தங்கிவிட்டது. ஒப்பந்தத்தாளில் இடம்பெறாத இந்த எச்சமே அடுத்த கால் நூற்றாண்டுக்கு அந்நிறுவனத்தின் முதலாக இருந்தது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய ஒவ்வொரு முறையும், இறுதியில் 2000ஆம் ஆண்டுச் சிக்கலின்போதும், விற்பனைக்கு வந்தது இந்தத் தேர்ச்சியே.

அந்நாளைய வேலைமுறையை இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது. செயற்கைக்கோள் இணைப்பு இல்லை. நிரல் காந்த நாடாக்களில் பதியப்பட்டு விமானத்தில் போகும். பிழைகண்ட குறிப்பு தந்தியச்சிலோ கடிதத்திலோ வரும். வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நியூயார்க்குக்கும் பம்பாய்க்கும் பத்தரை மணிநேர வேறுபாடு. இந்த இடைவெளியில், வேலைக் குறிப்பு ஒன்றில் ஒரு சொல் தெளிவற்றிருந்தால் ஒரு வாரம் வீணாகும். எனவே அனுப்புபவரும் வாங்குபவரும் எழுத்தில் துல்லியத்தைக் கற்றனர். பட்னி தம்பதியரின் மூடிய அறை விதியை ஒரு நாடே கடைப்பிடித்தது எனலாம். விரும்பி அன்று, வேறு வழியின்றி.

ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பதன் ஆபத்தும் பம்பாயில்தான் முதலில் தெரிந்தது. 1970களின் பிற்பகுதியில் பரோஸ், டாட்டாவோடு சேர்ந்து டாட்டா பரோஸ் என்னும் தனிக் கூட்டு நிறுவனத்தை அமைத்தது. அந்தேரியில் 1973இல் நிறுவப்பட்ட சாந்தாகுரூஸ் மின்னணு ஏற்றுமதி மண்டலம், சுருக்கமாகச் ‘சீப்ஸ்’, அதன் இருப்பிடமாயிற்று. பரோஸ் வழியாக வந்த வேலை இனிப் புதிய நிறுவனத்துக்கே. டாட்டா கன்சல்டன்சி தன் பெயரை அறியாத ஒரு நாட்டில் தானே வாடிக்கையாளரைத் தேட வேண்டியதாயிற்று. 1979இல் நியூயார்க்கில் அலுவலகம் திறக்க அனுப்பப்பட்டவர் எஸ். ராமதுரை, நாகபுரியில் பிறந்து தில்லியில் வளர்ந்த தமிழர், 1972இல் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தவர். 1996இல் அவரே நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நாமக்கல்லை அடுத்த மோகனூரில் பிறந்து, கோயம்புத்தூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் படித்து, 1987இல் வேலையில் சேர்ந்த என். சந்திரசேகரன் 2009இல் அவரைத் தொடர்ந்தார். இன்று ஏறத்தாழ 6 லட்சம் பேர் பணிபுரியும் அந்நிறுவனத்தின் போக்கை முடிவு செய்தது பரோஸ் தந்த வேலையைவிட, பரோஸ் விலகிச் சென்ற நிகழ்வே என்று கொள்ள இடமுண்டு.

இந்த இடத்தில் இன்னொரு தமிழரின் பெயரையும் சேர்க்க வேண்டும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையிலான அணி, 1960இல் டிஃப்ராக் என்னும் கணினியை நாட்டிலேயே கட்டி முடித்தது. விற்பனைக்கு அன்று, ஆராய்ச்சிக்கு. கணினி என்பது வாங்கி இயக்கும் பொருள் மட்டுமல்ல, பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கூடியது என்ற மனப்பான்மை அந்நகரில் வேரூன்றியதில் கொலாபாவின் அந்தக் கட்டடத்துக்குப் பங்குண்டு. ஏற்றுமதி வரலாறுகள் இதை ஓர் அடிக்குறிப்போடு கடந்துவிடுவது நியாயமன்று.

சிறிய வெளிநாட்டு நிறுவனமொன்று தனக்கென ஓர் அணியை அமர்த்திக்கொண்டதற்கான தெளிவான முன்மாதிரி 1981இல் கிடைக்கிறது. பட்னியின் பம்பாய் அலுவலகத்தில் மென்பொருள் பிரிவுக்குத் தலைவராக இருந்த என். ஆர். நாராயண மூர்த்தியும் உடன் பணிபுரிந்த அறுவரும் வெளியேறி இன்போசிஸைத் தொடங்கினர். முதலீடு 10,000 ரூபாய். பதிவு செய்யப்பட்ட ஊர் புணே. முதல் வாடிக்கையாளர் நியூயார்க்கைச் சேர்ந்த டேட்டா பேசிக்ஸ் கார்ப்பரேஷன். சொந்தக் கணினி இல்லாத நிறுவனம் கடல்கடந்து வேலை செய்ய முடியாது. ஆகவே நிறுவனர்களில் பெரும்பாலோர் தாமே கடல் கடந்து அமெரிக்கா சென்று வேலை செய்தனர். வேலை இங்கே வருவதற்குப் பதிலாக ஆள் அங்கே போனார். 1980கள் முழுவதும் இந்திய மென்பொருள் ஏற்றுமதியின் பெரும்பகுதி இவ்வகைதான். ஆள் அனுப்பும் தொழில் என்று ஏளனமாகச் சொல்லப்பட்டதும் இதுவே. 1983இல் இன்போசிஸ் தன் முதல் கணினியைப் பெற்றபோது அது பெங்களூரில் மைகோ நிறுவனத்தின் துணையோடு நிறுவப்பட்டது. நிறுவனமும் அங்கே குடிபெயர்ந்தது. பம்பாய் இழந்தவற்றுள் இது சிறியதன்று.

ஆள் போவதா, வேலை வருவதா என்பதை மூன்று காரணிகள் மெல்ல மெல்ல முடிவு செய்தன. 1984, 1986ஆம் ஆண்டுகளின் கணினி, மென்பொருள் கொள்கைகள் இறக்குமதியைத் தளர்த்தின. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் மையம் அமைத்துச் செயற்கைக்கோள் வழியே தரவை அனுப்பும் முறையைக் கொணர்ந்தது; 1991இல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் அவ்வசதியைச் சிறு நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டன. அமெரிக்கா 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் எச்-1பி நுழைவாணையை உருவாக்கி அதற்கு ஆண்டு வரம்பும் விதித்தது. ஆளை அனுப்புவது கடினமாக, வேலையை வரவழைப்பது எளிதாயிற்று.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரு வந்த அதே 1985இல், சிட்டி வங்கி சீப்ஸ் மண்டலத்தில் சிட்டிகார்ப் ஓவர்சீஸ் சாப்ட்வேரைத் தொடங்கியது. இந்த வரலாற்றின் மிகச் செறிவான அத்தியாயம் இது; ஆயினும் பெங்களூருக் கதையின் பேரொலியில் அடங்கிப்போனது. இங்கே அமர்த்தப்பட்ட நிரலாளர்களுக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர்: அவர்களுடைய முதலாளியே. உலகெங்கும் உள்ள சிட்டி வங்கிக் கிளைகளுக்கான மென்பொருளை அவர்கள் எழுதினர். எழுதுவதற்கு வங்கித் தொழிலைக் கற்க வேண்டியிருந்தது: கடன் கடிதம் எவ்வாறு இயங்குகிறது, ஒரு நாட்டின் விடுமுறை நாள் இன்னொரு நாட்டின் வட்டிக் கணக்கை எவ்வாறு பாதிக்கிறது, இரவுக் கணக்குமுடிப்பு தவறினால் காலையில் என்ன நேரும். இவை எந்தக் கணினிக் கல்லூரியிலும் கற்பிக்கப்படாதவை. மாட்டுங்காவின் பழைய சுருக்கெழுத்தர் நிறுவனத்தின் உட்கிடையைக் கற்றதுபோலவே, ஒருவருக்கே நெடுங்காலம் உழைத்ததால் இந்த அறிவு படிந்தது.

வேறுபாடு அதற்குப் பின் நேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில், அங்கிருந்த ராஜேஷ் ஹுக்கு முதலியோர், பிற வங்கிகளுக்கும் விற்கத்தக்க பொருளை உருவாக்கும் தனி நிறுவனம் வேண்டும் என்று வாதிட்டனர். சிட்டி இசைந்து முதலும் இட்டது. மைக்ரோபேங்கர் என்னும் பொருளோடு தொடங்கிய அந்நிறுவனம் பின்னர் பிளெக்ஸ்கியூப் என்ற வங்கி மென்பொருளை உருவாக்கியது. ஐ-பிளெக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2005இல் சிட்டி தன்னிடமிருந்த ஏறத்தாழ 41 விழுக்காடு பங்கை ஆரக்கிள் நிறுவனத்துக்கு விற்றபோது கைமாறிய தொகை ஏறத்தாழ 59 கோடி டாலர். அணியின் அறிவை அணியின் கையிலேயே விட்டு, அதில் தனக்கொரு பங்கை வைத்துக்கொண்டதால் வங்கிக்கு நட்டமில்லை; நிரலாளரும் பெயரற்றவராய் முடியவில்லை.

உலகின் வேறொரு மூலையிலும் இதே பாடம் நிகழ்ந்தது. 2003இல் சுவீடனைச் சேர்ந்த நிக்லாஸ் சென்ஸ்ட்ரோமும் டென்மார்க்கைச் சேர்ந்த யானுஸ் பிரீசும் ஸ்கைப்பைத் தொடங்கினர். மென்பொருளை எழுதியவர்கள் எஸ்தோனியத் தலைநகர் தாலினில் இருந்த ஒரு சிறு அணி. இன்றைய சொல்வழக்கில் அதுவும் ஒரு புதிய நிறுவனம் அயல்நாட்டில் அமர்த்திய அணிதான். ஆனால் அந்நிரலாளர்களுக்கு நிறுவனத்தில் பங்கு இருந்தது. 2005இல் ஈபே 260 கோடி டாலருக்கு ஸ்கைப்பை வாங்கியபோது தாலினுக்கும் பணம் வந்தது. அது அந்நாட்டின் அடுத்த தலைமுறைத் தொழில்முனைவுகளுக்கு விதையாயிற்று. மும்பையில் நிரலாளரை அமர்த்திய வெளிநாட்டுப் புதிய நிறுவனங்கள் இத்தகைய பங்கைத் தருவது இன்றும் வழக்கமில்லை.

மாட்டுங்காவின் மேற்கே இரயில் பாதையைக் கடந்தால் லேபர் கேம்ப், அதையடுத்துத் தாராவி. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அங்கே தோல் பதனிடும் தொழிலில் இருந்தனர். பதனிடுதல் படிப்படியாக வெளியேறிய பின் பைகளும் இடைவார்களும் பணப்பைகளும் தைக்கும் கார்கானாக்கள் பெருகின. அவற்றின் வேலைமுறைக்குப் பெயர் ‘ஜாப் வொர்க்’. ஏற்றுமதி செய்யும் சேட் மாதிரிப் பொருளையும் அளவையும் தருவார். கார்கானா அதைப் பார்த்து நூறாகவோ ஆயிரமாகவோ தைத்துத் தரும். கூலி உருப்படிக்கு இவ்வளவு. பையின் உள்ளே தைக்கப்படும் பெயர்ப்பட்டை இத்தாலியிலோ ஜெர்மனியிலோ உள்ள ஒரு நிறுவனத்தினுடையது. வடிவமைப்பு வெளியே, பெயர் வெளியே, கைத்தேர்ச்சி உள்ளே. சீப்ஸில் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கும் தாராவியில் வாய்மொழியாக முடிந்த ஒப்பந்தத்துக்கும் கட்டமைப்பில் வேறுபாடு தேடுவது கடினம்.

விளைவில் வேறுபாடு பெரிது. அதற்கான காரணம் தேர்ச்சியின் உயர்வு தாழ்வன்று. சீப்ஸில் நுழைந்தவர்களுக்குச் சுங்கச்சலுகை, மின்சாரம், வங்கிக்கடன், தொலைத்தொடர்பு என அரசே வாயில் திறந்துவைத்தது. தாராவிக்காரருக்கு நிலத்தின் மீதே உரிமையில்லை. எந்நாளும் இடிக்கப்படலாம் என்ற நிலையில் இருந்த ஒரு கூடத்தை ஈடாக ஏற்று எந்த வங்கியும் கடன் தராது. மென்பொருளுக்கு முதல் தேவை ஆங்கிலமும் பட்டமும். அவை மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இரண்டு மூன்று தலைமுறைகளாகச் சேர்ந்த சொத்து, தாராவியில் முதல் தலைமுறையாகத் தேடப்பட்ட பொருள். சாதியைச் சொல்லாமல் இந்த வேறுபாட்டை விளக்க இயலாது. மும்பைத் தமிழர் என்று ஒரே மூச்சில் சொல்லப்படும் சமூகத்துக்கு நடுவே அந்த இரயில் பாதை வெறும் இரும்பாக மட்டும் கிடக்கவில்லை. தமிழ்நாட்டில் 1984 முதல் பெருகிய சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளும் இடஒதுக்கீடும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளைப் பெருமளவில் இத்தொழிலுக்குள் கொண்டுவந்தன. வெளிமாநிலத்தில் பிறந்து வளர்ந்த தாராவிப் பிள்ளைக்கு அந்த வழியும் நேராகத் திறக்கவில்லை. இத்தனைக்கும் நடுவே தாராவியின் சில கார்கானாக்காரர்கள், பிறர் பெயருக்குத் தைத்துப் பழகிய கையோடு, சயான்–பாந்த்ரா சாலையோரம் தம் பெயரில் கடை திறந்தனர். ஐ-பிளெக்ஸ் செய்ததைச் சிட்டியின் முதலீடின்றிச் செய்தவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி மேலாண்மைக் கல்லூரிகளின் பாடங்களில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும்.

இன்று ஒரு புதிய நிறுவனம் மும்பையில் தனக்கென அணியை அமர்த்தும்போது விவாதிக்கப்படுவது பெரும்பாலும் மணிக்கூலி. வரலாறு காட்டும் செலவு வேறிடத்தில் இருக்கிறது. பொருள் இன்னும் உருப்பெறாத தொடக்க நிலையில், முழுமையான வேலைக் குறிப்பை எழுதித் தர எந்த நிறுவனராலும் இயலாது. என்ன வேண்டும் என்பது அவருக்கே செய்து பார்த்த பின்தான் தெரியும். பரோஸுக்கு மருத்துவமனை மென்பொருள் ஏற்கெனவே இருந்தது. மாற்ற மட்டுமே வேண்டியிருந்தது. அதனால் மூடிய அறை விதி செல்லுபடியாயிற்று. இல்லாததை உருவாக்கும் வேலைக்கு அவ்விதி ஒத்துவராது. அங்கே கடலுக்கு அப்பால் இருப்பவர் கேள்வி கேட்க வேண்டும், மறுக்க வேண்டும், தன் யோசனையைச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்பவர் ஆறு மாதங்களில் அந்நிறுவனத்தின் மூளையில் பாதியாகிவிடுகிறார். ஒப்பந்தத்திலோ அவர் ‘வளம் எண் 3’. முப்பது நாள் முன்னறிவிப்பில் அவரை மாற்றலாம். அவரும் முப்பது நாள் முன்னறிவிப்பில் போகலாம். பெரும்பாலும் முதலில் போவது அவரே.

நிரல் முழுதும் அமர்த்தியவருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தம் சொல்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் நிரல்களைச் சேர்த்துவைக்கும் இன்றைய கிட் முறைமை, எந்த வரியை எவர் எந்த நாளில் எழுதினார் என்பதையும் கூடவே பதிந்துவைக்கிறது. ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அந்த அணியினரின் மின்னஞ்சல் கணக்குகள் மூடப்படும். ஈராண்டு கழித்து ஒரு பிழையைத் தேடி உள்ளே செல்லும் புதியவர், வரிகளின் பக்கத்தில் செம்பூரிலோ தாராவியிலோ வாழும் ஒருவரின் பெயரைக் காண்கிறார். அந்த வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்று கேட்க, அந்தப் பெயருக்குரியவரை அடையும் வழி அந்நிறுவனத்தில் எவரிடமும் இருப்பதில்லை.